வெளிறல்

எமிலியானுஸ் அண்ணையின் கடையில்
காலை ஆறரைக்கு ஊசி குத்துவேன்,
செத்துப் பதினைந்து நிமிடமான நெஞ்சில்.
மீற்றர் கொஞ்சம் யோசித்து ஓர் எண் சொல்லும்.
கொப்பியில் எழுதுவேன்.
திருநெல்வேலிச் சந்தையில் இது நாற்பதாவது நாள்.
'ஊசி டொக்டர்' என்று பெயரும் வந்துவிட்டது.

பராசக்தி ரீச்சர் நேற்று வாங்கின காலைத்
திருப்பிக் கொண்டுவந்தா,
சமைத்தபடியே, சட்டியோடு.
"எலும்படியில பார், இரத்தம். வடிவா வடியவிடேல்லை."
இரத்தம் எப்பவோ போய்விட்டது, ரீச்சர்.
முப்பத்தெட்டு நாளில் இரண்டு கிலோ ஆனதுக்கு
எலும்பு இறுக நேரம் கிடைக்கவில்லை,
மச்சை கசிந்திருக்கிறது.
அவ சட்டியை மூடினா.
"அப்ப குஞ்சையே விக்கிறியள்?"
அதற்கு மீற்றரில் எண் இல்லை.

நிற்பதால் வருகிறது காலின் நிறம்.
நாள் முழுக்க நிற்கிற, கிளறுகிற தசை
மூச்சைச் சேமித்து வைக்கவேண்டும்,
நடுவில் ஓர் இரும்புப் பொட்டு வைத்த
தன் சொந்தச் சிவப்பில்.
நெஞ்சு வேறு.
நாய் துரத்தினால் மதிலுக்கு எழும்ப,
ஒரேயொரு எழும்பலுக்கு, கடவுள் கொடுத்தது.
மூச்சுக்குக் காத்திராமல் சீனியை எரிக்கும்.
அதனால் வெள்ளை.
மதிலையே காணாத பிராய்லருக்கும்
பறப்பதற்கான வெள்ளை
முன்னுக்குச் சாயும் அளவுக்கு நெஞ்சு நிறைய.

செவ்வாயும் வெள்ளியும் குருநாகல் லொறி.
முறிகண்டியில் சாரதி தேத்தண்ணி குடிக்க
கூடுகள் வெயிலில் நிற்கும்.
அந்த நாட்களில் எண் விழுகிறது.
ஐந்து தசம் ஏழு. ஐந்து தசம் ஆறு.
உள்ள சீனியெல்லாம் ஒரே மூச்சில் புளித்து,
சூடு ஆறாத தசை தன் பிடியை விட்டு,
தண்ணீர் தட்டில் ஒழுகும்.
வெளிச்சம் உள்ளே போகாமல் திரும்பிவரும்.
அதைத்தான் வெள்ளை என்கிறார்கள்.
அதைத்தான் முதலில் தெரிகிறார்கள்,
"நல்ல வெள்ளை இறைச்சி" என்று, விரலால் அமத்தி.

அந்த வீதியால் நானும் ஒருமுறை வந்தேன்,
ஏழு வயதில், நின்றபடி.
யாரும் எண் எடுக்கவில்லை.

போன கிழமை நிரூஜன் என்றொரு பொடியன்
சைக்கிள் கூடையில் ஒரு கருங்கோழி கொண்டுவந்தான்,
தாய்க்கு மருந்துக்காம்.
வெட்டினால் தோல் கறுப்பு. எலும்பின் உறை கறுப்பு.
அண்ணை கத்தியை ஒருமுறை கழுவிப் பார்த்தார்.
"நஞ்சோ பிள்ளை?"
இல்லை. முட்டைக்குள் நிறக்கலங்கள் நடந்துபோய்
இறகடியில் நிற்கவேண்டும்.
இந்த இனத்தின் ஏட்டில் ஒரு பத்தி
இரண்டு தரம் எழுதுப்பட்டுவிட்டது, ஒன்று தலைகீழாய்.
'போ' என்று இருமுறை கேட்டதால்
நிற்குமிடம் தெரியாமல் எலும்புவரை போய்விட்டன.
கூடையில் காற்று வாங்கி வந்த கோழி.
ஆறு தசம் மூன்று.
நாற்பது நாளில் இதைப்போல் ஓர் எண் நான் எழுதவில்லை.

அண்ணை அந்த எண்ணைக் கனநேரம் பார்த்தார்.
பிறகு சாரதியோடு சண்டை பிடித்தார்,
எனக்காக இல்லை, ஒழுகும் எடைக்காக.
லொறிக்கு மேல் கிடுகு ஏறியது.
தேத்தண்ணி நிழலுக்கு மாறியது.

இந்தச் செவ்வாய் தட்டு காய்ந்திருந்தது.
ஆறு தசம் ஒன்று.
அடிக்கோடு போட்டு எழுதினேன்.
பராசக்தி ரீச்சர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி,
ஒரு நெஞ்சை எடுத்து, திருப்பி, வைத்துவிட்டு,
"இண்டைக்கு ஏன் இப்பிடிச் சிவந்து கிடக்கு?
நேற்றையானோ?" என்றா.